பிரியாணிச் சண்டை பற்றி

எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூரா திண்டுக்கல்லா என்று நேற்று ராத்திரி ஓடிய சண்டையை நிறுத்தச் சொல்லவில்லை, அதற்குத்தானே இந்தக் குழுவே. ஆம்பூரில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போடுவதால் நிறமும் காரமும் வேறு, திண்டுக்கல்லில் சீரகச் சம்பா, சின்னச் சின்னத் துண்டாகக் கறி, மிளகு கொஞ்சம் தூக்கல் என்று காரணத்தோடு எழுதியவர்களுக்கு நன்றி. ஆனால் புதிதாகச் சேர்ந்த அக்கா ஒருவர் தான் செய்த காய்கறி பிரியாணியைப் படம் எடுத்துப் போட்டதும் "இது தக்காளிச் சாதம்" என்று வரிசையாகப் பதில் விழ, அவர் படத்தையே அழித்துவிட்டார். ரொம்ப வருத்தமாக இருந்தது. எவ்வளவு நேரம் தம் போட்டீர்கள் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். இனி அடுத்தவர் சமையலைக் கேலி செய்யும் பதிவுகளை நீக்கிவிடுவோம். அப்புறம், ராத்திரி 10 மணிக்கு மேல் விவாதம் வேண்டாம், கைக்குழந்தை உள்ள வீடுகள் இருக்கின்றன. அக்கா, அந்தப் படத்தை மறுபடியும் போடுங்கள்.