பூசு, அப்பாதே

சட்பரி, ஒன்ராறியோ
ஏப்ரல் கடைசி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் பங்குனியிலேயே வந்துவிட்டது. பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி சிறுபோகமும் விதைக்கப்போவதாக எழுதியிருந்தாய், சந்தோஷம். மகளுக்கு வேலை கிடைத்த கதையை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

இங்கே பனி கரைகிறது. பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் வண்டியை அடுத்த மார்கழி வரை கராஜில் மூடி வைக்கிற நேரம். மாசியில் அது எனக்குச் செய்த வேலையைக் கேள். காட்டுப் பாதையால் திரும்பி வருகிறேன், இடது காலடியில் அரைக்கிற சத்தம். பெல்ட் தேய்ந்துவிட்டதாக்கும் என்று ஓட்டியே வந்துவிட்டேன். பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டிராக் என்கிற ரப்பர்ப் பட்டையைச் சுழற்றுகிற முன்பக்க ஷாஃப்டைப் பிடித்தால், கிழவன் பல்லுப்போல ஆடுகிறது.

அந்த ஷாஃப்டுக்கு இரண்டு முனையிலும் பேரிங். வலது பக்கத்தது செயின் பெட்டி எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கும், அதில் பிரச்சினையே இல்லை. இடது பக்கத்ததுதான் பாவம். ஓடும்போது சூடாகும், ஒட்டின பனி உருகும். இரவு மைனஸ் 25-இல் நிறுத்தினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, பேரிங்கை மூடியிருக்கிற ரப்பர் சீலின் விளிம்பால் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கழற்றி, ரப்பர் சீலை ஊசியால் நெம்பினேன். கிறீஸ் இருக்கவேண்டிய இடத்தில் சாயத்தண்ணி மாதிரித் துரு. 6205 நம்பர் பேரிங், உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52. யாழ்ப்பாணத்து மோட்டார் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் ஷாஃப்டே போயிருக்கும்.

எனக்கு இதை விற்றவர் ‘எல்லாம் சீல் பண்ணினது, ஒன்றும் செய்யத் தேவையில்லை’ என்று சொல்லித்தான் தந்தார். பழைய அழுக்கைச் சுரண்டினால், அடியில் கிறீஸ் ஏற்றுகிற நிப்பிள் இருக்கிறது! ஒருநாளும் கிறீஸ் கன் வைத்த அடையாளமே இல்லை.

இந்தக் குளிருக்கென்றே விற்கிற செயற்கைக் கிறீஸ் வாங்கினேன். சாதாரணமானது மெழுகாய் இறுகிவிடும். புதுப் பேரிங்கைப் போட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே மெதுவாக இரண்டு பம்ப். அதற்குமேல் அடித்தால் சீலே வெளியே பிதுங்கும். அப்போதுதான் உன் சைக்கிள் கடை நினைவு வந்தது. பொருளாதாரத் தடைக் காலம், கிறீஸ் தங்கம். குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பால்மா டின்னிலிருந்து சுண்டுவிரல் நுனியில் தொட்டுத் தருவாய். நான் கொஞ்சம் கூட எடுத்தால் ‘பூசு, அப்பாதே’ என்று தலையில் குட்டுவாய். கஞ்சத்தனம் என்றல்லவா அப்போது நினைத்தேன்!

அடியில் உருளுகிற சின்னச் சில்லுகளையும் விடவில்லை. ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டேன். மூன்று கரகரத்தன, மாற்றிவிட்டேன். மற்றவற்றின் சீலைத் திறந்து மூன்றில் ஒரு பங்கு நிரப்பி மூடினேன். பக்கத்து வீட்டுக்காரர் பிரஷர் வாஷரோடு உதவிக்கு வந்தார். பேரிங் பக்கம் அதைத் திருப்பவேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பிவிட்டேன்.

சரி, உன் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் நாள் முழுக்கச் சேற்றுக்குள் நிற்கிறதே, அச்சுக்குள் தண்ணீர் புகாமல் என்ன செய்கிறாய்? ரப்பர் சீலை அடிக்கடி மாற்றுகிறாயா, கிறீஸை மாற்றுகிறாயா? மறக்காமல் எழுது.

உன் பழைய எடுபிடி