உடலின் உயிர்ப்பை நம்புகிறவர்கள் கல்லறையில் சுவர் எழுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லறைத் திருநாளை ஒட்டிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டங்களில் ஏற்றும் மெழுகுவர்த்திகள், சுண்ணாம்பு அடித்துப் பூ வைத்த சிலுவைகள், குருவானவர் வந்து ஜெபிக்கிற கல்லறை மந்திரிப்பு எல்லாவற்றையும் கட்டுரையாளர் பரிவோடு எழுதியிருந்தார். ஆனால் ஆன்மா உடலை விட்டுப் பிரிந்து மோட்சம் சேர்வதுதான் கிறிஸ்தவர்களின் மறுமை நம்பிக்கை என்று அவர் முடித்த இடத்தில் எனக்கு மறுப்பு உண்டு. அவரைக் குறை சொல்லவில்லை. கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்களிலேயே பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வழிபாட்டில் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணம், அதாவது எங்கள் நம்பிக்கை அறிக்கை, வேறு சொல்கிறது. கத்தோலிக்கர்கள் 'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்கிறார்கள். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் சரீரம் உயிர்த்தெழும் என்று அறிக்கையிடுகிறோம். ஆன்மா அழியாது என்பதைக் கிரேக்க ஞானிகள் கிறிஸ்தவத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சொல்லிவிட்டார்கள். அதனால்தான் கிரேக்கரின் ஏதென்ஸ் நகரில் அப்போஸ்தலர் பவுல் பேசியபோது கடவுளைப் பற்றிச் சொன்ன வரை கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்றதும் கேலி செய்தார்கள். செத்த உடல் கடவுளுக்கு ஏன் பெரிது என்பது அவர்களுக்குப் புரியவில்லை.

சுவிசேஷங்களில் உயிர்த்தெழுந்த இயேசு எப்படி வருகிறார் என்று பாருங்கள். எருசலேமில் சீடர்கள் ஆவியைக் கண்டதாகப் பயந்தபோது, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை அவர்கள் கண்முன்னால் சாப்பிடுகிறார். திபேரியாக் கடலோரத்தில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு தயாராக வைத்திருக்கிறார். நம்ப மறுத்த சீடர் தோமாவிடம் ஆணித் தழும்பைத் தொட்டுப் பார் என்கிறார். அந்தத் தழும்புகள் மறையவில்லை என்பது என்னை எப்போதும் உலுக்குகிற விஷயம். அடிபட்ட உடலைக் கடவுள் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைத் தரவில்லை. கொல்லப்பட்ட அதே உடலை எழுப்பினார். அவரை வைத்த கல்லறைகூட அவருக்குச் சொந்தமானதல்ல, அரிமத்தியா ஊர் யோசேப்பு தனக்கென்று வெட்டி வைத்திருந்தது.

இதை நம்பினால் வாழ்கிற விதமும் அடக்கம் செய்கிற விதமும் மாற வேண்டும். நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தை நம் அடக்க ஆராதனைகளில் வாசிக்கிறோம். 'கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா (வீண்)' என்று அதில் வருகிறது. ஆனால் நாலு அதிகாரம் முன்னால் போனால் அதே சபையின் சாப்பாட்டுச் சண்டை இருக்கிறது. இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பகிர்கிற கர்த்தருடைய பந்திக்குக் கூடி வந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட, இல்லாதவர்கள் பட்டினியாக நின்றார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிபோதையில் இருக்கிறான்)' என்று பவுல் கோபப்படுகிறார். பக்கத்தில் இருப்பவனின் உடலை மதிக்காத சபையும், உடல் உயிர்த்தெழும் என்பதைச் சந்தேகித்த சபையும் ஒன்றே. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆதிச் சபைக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. சுமார் கி.பி. 197இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், சபையின் பொதுப் பணம் ஏழைகளுக்குச் சோறு போடவும் அவர்களை அடக்கம் செய்யவும் செலவாகிறது என்று எழுதினார். கிறிஸ்தவத்தை வெறுத்த ரோமப் பேரரசர் ஜூலியன் 361 முதல் 363 வரை ஆட்சி செய்தவர். இந்த மதம் பரவியதற்குக் காரணம் சொல்லும்போது, அந்நியரை அவர்கள் உபசரிப்பதோடு இறந்தோரை அடக்கம் செய்வதில் அவர்கள் காட்டும் அக்கறையையும் சேர்த்தே எழுதினார். எதிரி கொடுத்த சாட்சி அது.

அப்புறம், எரித்தால் உயிர்த்தெழ முடியுமா என்று இன்றும் கேட்கிறார்கள். நகரங்களில் கல்லறைக்கு இடமில்லாததால் இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே தகனத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது. சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் விளக்கியது. விசுவாசத்துக்காக எரித்துக் கொல்லப்பட்ட இரத்தசாட்சிகள் எத்தனையோ பேர்; அவர்கள் உயிர்த்தெழ மாட்டார்களா? 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலரின் உடல் கிடைக்கவே இல்லை. அந்த வீடுகளில் அழுத தாய்மாருக்கு என்ன சொல்வோம்? 'சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது' என்று வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறதே, அதைச் சொல்லலாம். கூடவே உட்கார்ந்து அழவும் வேண்டும். 'விசுவாசிகள் அழக்கூடாது' என்று துக்க வீட்டில் போய் உபதேசிக்கிறவர்கள், பெத்தானியாவில் இறந்துபோன நண்பர் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டதை மறந்துவிடுகிறார்கள்.

இனி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துக் கட்டிய சுவரைப் பற்றிச் செய்தித்தாள்கள் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றன. போராட்டமும் நடந்திருக்கிறது. அது கத்தோலிக்கரின் பிரச்சினை என்று ஒதுங்க எங்களுக்கும் வழியில்லை. எங்களைப் போன்ற சீர்திருத்தச் சபைகள் (புராட்டஸ்டண்ட் சபைகள்) உள்ள ஊர்களிலும் 'நம்ம ஆட்களுக்கு' ஒரு கல்லறைத் தோட்டம், 'அவர்களுக்கு' இன்னொன்று என்ற வழக்கம் ஒழிந்துவிடவில்லை. உயிரோடு இருக்கும்போது பந்தியில் பிரித்த உடலைச் செத்த பிறகும் மண்ணில் பிரிக்கிறோம். கடைசி நாளில் கிறிஸ்து எழுப்பப் போகிற உடல் இது என்று உண்மையிலேயே நம்புகிறவர் எந்தத் துணிவில் இதைச் செய்கிறார்?

இதைவிட நல்ல மாதிரி சபை வரலாற்றில் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சகோதரர்கள் என்ற சீர்திருத்தச் சபையார் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தட்டையான கல்லை வைத்தார்கள். பிரபுவுக்கும் வேலைக்காரருக்கும் பேதமில்லை. 1732இல் ஈஸ்டர் விடியலில் அந்தத் தோட்டத்துக்குப் போய் முதன்முதலாக உயிர்ப்பின் ஆராதனை நடத்தினார்கள். அதே சகோதரர்கள் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து தங்கினார்கள். இன்று தமிழகத்தில் சில சபைகளிலும் ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடுகிற வழக்கம் இருக்கிறது. நல்ல வழக்கம். ஆனால் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறோம், யாருடைய கல்லறைப் பக்கம் நின்று 'கிறிஸ்து எழுந்தார்' என்று பாடுகிறோம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் புதைக்க விடாமல் ஆம்புலன்ஸ் மீது கல்லெறிந்து விரட்டியபோது தமிழகமே வெட்கப்பட்டது. கிறிஸ்தவர்கள் நாங்கள் மற்றவர்களைவிட உரக்கக் கண்டித்தோம். நியாயம்தான். அந்த இரவில் அவரது நண்பரான மருத்துவர் தானே மண் தள்ளி அவரை அடக்கம் செய்தார். அந்த நண்பர் செய்ததை எங்கள் சபைகள் எத்தனை பேருக்குச் செய்யத் தயாராக இருக்கின்றன?

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்லறைத் திருநாளுக்குள், தமிழகத்தின் கத்தோலிக்க மறைமாவட்டங்களின் ஆயர்களிடமும் சி.எஸ்.ஐ., லுத்தரன் திருச்சபைப் பேராயர்களிடமும் உங்கள் நிருபர்களை அனுப்பி இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் ஆளுகையில் சாதியால் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் எத்தனை? அவற்றை எந்தத் தேதிக்குள் ஒன்றாக்குவீர்கள்? கிடைக்கும் பதிலை ஊர்ப் பெயரோடு அச்சிடுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சி.எஸ்.ஐ. சபை அங்கத்தினர்,
பாளையங்கோட்டை