பிளாக்குன்னா அடைப்பு இல்ல, மாப்ளே

அன்புள்ள பழனி,

தங்கச்சி அனுப்பின இ.சி.ஜி. படம் வந்தது. "அண்ணே, இவருக்கு ஹார்ட்ல பிளாக்காம், ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல"ன்னு குரல் வேற. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த ஒரு இ.சி.ஜி.யா உன்ன இந்தப் பாடு படுத்துது?

மேல 'அப்நார்மல்'னு அடிச்சது மெஷின். அளவு மயிரிழை தாண்டினாலும் அதுக்கு அப்நார்மல்தான். நான் இ.சி.ஜி. எடுக்கிற வேலைக்குச் சேர்ந்த புதுசுல சிவப்பு ஒயரையும் மஞ்சள் ஒயரையும் கை மாத்தி மாட்டிட்டேன். பேப்பர்ல முதல் லீடுன்னு வர்ற கோடு தலைகீழா வந்துச்சு. பெரிய டாக்டர் நோயாளியப் பார்க்கல, என்னத்தான் பார்த்தார்.

உனக்கு இருக்கிறது ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக். ரத்தக்குழாய் அடைப்பு வேற, இது வேற. அது குழாய் சமாச்சாரம், இது கரண்ட் சமாச்சாரம். இதயத்தோட கீழறை ரெண்டுக்கும் கரண்ட் போக ரெண்டு கிளை உண்டு. வலது கிளை படுத்துட்டா, இடது பக்கம் வந்த கரண்ட் தசை வழியா ஊர்ந்து வலது பக்கம் போகும். போய்ச் சேருது, லேட்டா.

பேப்பர்ல வி1னு போட்ட இடத்தைப் பார். முயல் காது மாதிரி ரெண்டு கூர் தெரியும். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. மூணு கட்டத்துக்குள்ள முடிய வேண்டிய அலை உனக்கு மூணரை வரைக்கும் ஓடுது. கல்லு மாதிரி இருக்கிறவங்களுக்கும் இது வரும். நுரையீரல், இதயக் கோளாறாலயும் வரலாம். அதுக்குத்தான் எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன், எடுக்கச் சொல்லியிருக்காங்க. எடுத்துடு. நடுவுல மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுல அழுத்தமோ வந்தா எக்கோ தேதிக்குக் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்னொண்ணு. 2014ல குடலிறக்க ஆபரேஷன் பண்ணினியே, அந்த ஃபைல்ல பழைய இ.சி.ஜி. இருக்கான்னு தேடு. அப்பவே முயல் காது இருந்தா டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். கிடைச்சா பத்திரம்னு லேமினேஷன் போட்டுடாதே, சூடு பட்டா அந்தப் பேப்பர் கறுத்துடும். ஜெராக்ஸ் எடு.

இங்க என் முட்டி வலி அப்படியேதான். ஆவணியில வர்றேன். தங்கச்சி கையால கருவாட்டுக் குழம்பு வேணும். உனக்கு உப்புக் குறைச்சுத் தனியா வைக்கச் சொல்லு.

உன்,
மாணிக்கம்