பறவூர் யூத ஆலயத்தின் வரலாறு தமிழில் வர உங்கள் பங்கு வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

எர்ணாகுளம் பக்கம் வடக்குப் பறவூரில் இருக்கும் பழைய யூத ஜெப ஆலயத்தைப் பற்றித் தமிழில் ஒரு சிறு நூல் கொண்டுவர நம் குழு வேலை செய்துவருகிறது. எழுத்து வேலை முடியப்போகிறது. அச்சுக்குத்தான் பணம் போதவில்லை, அதனால் நேராகவே கேட்கிறோம்.

இந்தக் கட்டிடத்தை ஒருமுறை நடந்து பார்த்தால் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறோம் என்று புரியும். தெருவைப் பார்த்து இரண்டு மாடி முகப்பு, அதைத் தாண்டினால் தூண்கள் வரிசைகட்டி நிற்கும் நீண்ட நடை, அப்புறம்தான் தொழுகைக் கூடம். கூடத்தின் நடுவே யூதர்களின் வேதமான தோராவை வாசிக்க ஒரு மேடை இருக்கிறது. மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு நேர் முன்னால், இன்னொரு மேடை. இப்படி இரண்டு மேடை வைப்பது கேரள யூதர்களின் வழக்கம். பெண்களுக்கு அத்தனை பக்கத்தில் வேதம் வாசிக்கப்பட்டது என்பது எங்களுக்கு இன்றும் வியப்புதான்.

எபிரேயக் கல்வெட்டு 1615-16 என்று காலம் சொல்கிறது, கட்டியவர் தாவீது யாக்கோபு காஸ்டியேல். கொச்சி அரசர் யூதர் தலைவருக்குக் கொடுத்த முதலியார் பட்டம் அவருக்கு இருந்தது. 1950களில் குடும்பங்கள் இஸ்ரேலுக்குப் போனபின் ஆலயம் ஆளில்லாமல் சிதைந்தது. தோராச் சுருள்கள் வைக்கும் பேழை எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, பறவூரில் இருப்பது அதன் நகல். பழைய முசிறித் துறைமுகப் பகுதியின் மரபைக் காக்கும் கேரள அரசின் முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தில் கட்டிடத்தைச் சீரமைத்து, கேரள யூதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் அருங்காட்சியகமாக மாற்றினார்கள்.

தமிழில் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். சுமார் 1000ஆம் ஆண்டில் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு, தமிழ் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்தான வட்டெழுத்தில்தான் இருக்கிறது. சேரநாட்டு வரலாறு என்று பெருமையாகப் பேசுகிற நாம் அதன் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டாமா?

1,000 பிரதி அச்சிட்டு, பாதியைப் பள்ளி நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுக்க நினைக்கிறோம். 200 ரூபாய் கொடுத்தாலும் சரி, 2,000 கொடுத்தாலும் சரி, ரசீது உண்டு, கணக்கு எல்லோருக்கும் காட்டப்படும். வங்கி விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டு வாங்குங்கள், தனிப்பட்ட யார் கணக்குக்கும் அனுப்ப வேண்டாம். பணம் கொடுக்க இயலாதவர்கள் மலையாளக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தந்தாலோ, பறவூரில் எடுத்த பழைய படங்களைத் தந்தாலோ அதுவும் பெரிய உதவி. பொங்கலுக்கு முன் அச்சகத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும், மார்கழி முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

நூல் தயாரிப்புக் குழு