யானை டிரெஸ்

அம்மணி,

சாப்ட்டியா. குட்டிக்கு சளி விட்டுச்சான்னு உங்கம்மா கேக்கச் சொன்னா. போன்ல கேட்டா 'ம்'ங்கற, வெச்சர்ற, அதான் டைப் பண்றேன்.

கடையில இப்ப எல்லாம் நீ சொன்ன மாதிரிதான். குழந்தைத் துணியில பிரிண்ட் போடத் தனி ஸ்குவீஜி, அதான் இங்க் இழுக்கற ரப்பர் கட்டை, பச்சை டேப் சுத்தி வெச்சிருக்கேன். பழைய பிளாஸ்டிசால் இங்க் இழுத்த ரப்பர்ல, அதை இளக வெக்கற தாலேட் கெமிக்கல் ஊறிக் கெடக்கும், கழுவினாலும் போகாதுன்னு நீ சொன்னப்ப சிரிச்சேன், இப்ப நானே புதுப் பசங்ககிட்ட அதைத்தான் சொல்லிட்டுத் திரியறேன். ஒரு பேட்ச் இங்க்குக்கு லேப் ரிப்போர்ட் இருந்தா அந்த பேட்ச் தீர்ற வரைக்கும் டிசைனுக்கு டிசைன் தாலேட் டெஸ்ட்டுக்கு காசு அழ வேண்டாம்னு நீ போட்டு வெச்ச ஃபைலைப் பக்கத்து யூனிட்காரர் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனாரு, எம்புள்ள பண்ணுனதுன்னு சொன்னேன்.

ஆனா அப்படி பேக்கைத் தூக்கிட்டுப் போயிருக்க வேண்டாம். ரெண்டு வருஷம். நேரத்துக்கு சாப்பிடு, பால் குடுக்கறவ வயித்தைக் காயப் போடாதே.

மாமன் வீட்டு விசேஷம் நல்லபடியா முடிஞ்சுது. அங்கயும் உங்கம்மா போட்டோவைத்தான் காட்டிட்டு இருந்தா. பதினாலு போட்டோ, ஒண்ணுல கூட நாங்க அனுப்புன யானை டிரெஸ் இல்லியே, பத்தலியோங்கறா. நான் வாயத் தொறக்கல.

அது எந்த லாட்டுன்னு உனக்குத் தெரியும். பரண்ல மிச்சம் கெடந்த பீஸ், அழகா இருக்குன்னு அவ மடிச்சு வெச்சா, நான் பாத்துட்டு நின்னேன் சாமி. சொன்னா எல்லாத்தையும் சொல்லோணுமே.

அமெரிக்காக்காரன் 2008ல போட்ட சட்டம், 3 வயசு வரைக்கும் குழந்தை தூங்கறப்ப போடற துணியில தாலேட் 0.1 சதவீதத்துக்கு மேல ஆகாது, கிலோவுக்கு 1 கிராம், நீ எழுதி ஒட்டுன தாள் இன்னும் செவுத்துல இருக்கு. அதைப் பாத்துக்கிட்டேதான் அன்னிக்கு ராத்திரி கலக்குனேன். புது சிவப்பு இங்க் பத்தல, காலையில சரக்கு போகோணும், பழைய பிளாஸ்டிசால் டிரம்முல இருந்து ரெண்டு கரண்டி, கலர் கூட அப்படியே ஒத்துப் போச்சு. ஈயத்துல பாஸ், தாலேட்ல ஃபெயில். 3000 பீஸுக்கு டெபிட் போட்டு நம்ம காசைப் புடிச்சுட்டாங்க. இங்க் சரியானதுன்னு நாம குடுத்த டிக்ளரேஷன்ல உன் கையெழுத்து. ஆர்டரைப் பாத்துக்கற மெர்ச்சண்டைசர் உன்னைக் கேட்டப்ப நான் லுங்கியில கையைத் தொடைச்சிட்டு நின்னேன், பாத்துப் பண்ணியிருக்கோணும்னு எல்லாரும் இருக்கையில உன்னையவே சத்தம் போட்டேன். கலந்தது நான்தான்.

அதைக் குட்டிக்குப் போடாதே, யாருக்கும் குடுக்கவும் வேண்டாம், கத்திரி வெச்சு வெட்டிப்போடு. பிரிண்ட் இல்லாத வெள்ளை பனியன் நாலு கொரியர் போட்டிருக்கேன், ஒருக்கா துவைச்சுட்டுப் போட்டு விடு. உங்கம்மா கேட்டா யானை டிரெஸ் சின்னதாப் போச்சுன்னு சொல்லிரு.

அப்பா