புயலை விடுங்க, தண்ணிக்கு என்ன செய்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயிறு இணைப்பில் தாரிணி பாய்மரப் படகைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். புதுச்சேரிக்காரர் ரூபாவும் கோழிக்கோட்டுக்காரர் தில்னாவும், இருவருமே நம் கடற்படை அதிகாரிகள், 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் கிளம்பி உலகத்தையே சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று அதே கோவாவுக்குத் திரும்பினார்கள். 56 அடிப் படகு, இரண்டே பேர். நல்ல கட்டுரைதான். ஆனால் முக்கால் பக்கம் புயல், பனை உயர அலை, மீதிக் கால் பக்கம் மாலை மரியாதை. அத்தனை மாசம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்போது தூங்கினார்கள், குடிதண்ணிக்கு என்ன வழி என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் வேணும்.

ஏன் கேட்கிறேன் என்றால், வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிற நானும் ஒரு தடவை பாய்மரப் படகில் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கிறேன். சிரிக்காதீங்க. அக்கா மகனுக்கு ஐரோப்பாவில் வேலை, கடனை உடனை வாங்கி 38 அடியில் ஒரு பழைய படகு பிடித்தான். அவனும் அவன் மனைவியும் ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவிலிருந்து கரீபியன் பக்கம் செயின்ட் லூசியாவுக்குப் போவதாகத் திட்டம். மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. "மாமா, நீங்கதான் ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பழகின ஆளு, வாங்க" என்றான். எனக்கு அப்போது 57 வயசு. கடலைக் கண்ணால் பார்க்கவே அஞ்சாறு மணி நேரம் பஸ் ஏற வேண்டிய ஊர்க்காரன், சரி என்று கிளம்பிவிட்டேன்.

சுமார் 2,700 கடல் மைல், அதாவது 5,000 கிலோமீட்டர். 22 நாள் ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டர்தான் வருகிறது, சைக்கிளில் சந்தைக்குப் போகிற வேகம். வெண்ணெய் உருகுகிற வரைக்கும் தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு என்று அந்தக் காலத்து மாலுமிகள் வழி சொல்வார்களாம், வடகிழக்கிலிருந்து சீராக அடிக்கிற தடக்காற்று அங்கேதான் கிடைக்கும் என்பதால். ஊத்துக்குளிக்காரர்களிடம் இதைச் சொன்னால் வாசலைத் தாண்டியதுமே மேற்கே திரும்பிவிடுவார்கள்.

காற்று முதுகுப் பக்கம் இருந்தால் படகு இடமும் வலமுமாக உருண்டுகொண்டே இருக்கும், ராத்திரி பகல் கிடையாது. அலமாரியில் தட்டும் டம்ளரும் உருளுகிற சத்தத்தில் தூக்கம் போய்விடும் என்று நான் கொண்டுபோன ஈரோட்டுத் துண்டுகளை எல்லாம் இடுக்கில் திணித்தோம். படுக்கையிலிருந்து விழாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டுவார்கள், குழந்தைக்குத் தூளி கட்டுகிற மாதிரி. அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கும், படகு சாய்ந்தாலும் அது சாயாது. குக்கர்தான் ராஜா. மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் சோறு சிந்தாது. அதனால் வாரத்தில் நாலு நாள் அரிசிம்பருப்புச் சாதம். கடல் தண்ணி ஒரு பங்கு, நல்ல தண்ணி மூன்று பங்கு, தனியாக உப்பே போட வேண்டாம். தண்ணி படாத முட்டையாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, சில நாளுக்கு ஒரு தடவை திருப்பித் திருப்பி வைத்தோம். ஃபிரிட்ஜ் இல்லாமலே கடைசி வாரம் வரை வந்தது. கோஸும் வெங்காயமும் தாங்கும், தக்காளிதான் முதல் வாரத்தோடு சரி.

ராத்திரி மூன்று மணி நேரம் நான், அடுத்த மூன்று மணி அவன், அடுத்தது அந்தப் பொண்ணு. "மாமா, எந்திரிங்க, உங்க முறை" என்று இரண்டு மணிக்கு எழுப்பினால், பிஏபி என்கிற பரம்பிக்குளம் ஆழியாறு பாசன வாய்க்கால் தண்ணிக்கு முறை வந்து டார்ச்சும் மண்வெட்டியுமாக அப்பாவோடு போனதுதான் ஞாபகம் வரும். இங்கே மண்வெட்டிக்குப் பதிலாக இடுப்பில் கயிறு, அதன் கொக்கியைப் படகில் மாட்டாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. காற்றைப் பார்த்துத் திருப்புகிற ஒரு பலகை பின்னால் இருக்கிறது, அதற்குக் கரண்டும் வேண்டாம். நம் வேலை சுற்றிலும் பார்ப்பது, காது கொடுப்பது. 22 நாளில் கப்பல் விளக்கு தெரிந்தது மூன்றே தடவை.

பகலில் எனக்கு ஒதுக்கிய வேலை பாயைத் தடவிப் பார்ப்பது. பாலியஸ்டர் துணிதான், நெருக்கமாக நெய்து பிசின் ஏற்றியிருப்பார்கள். கம்பியில் உரசுகிற இடத்தில் இழை தேய்ந்து பஞ்சு மாதிரி எழும்பும், அதைக் கண்டுபிடிக்கக் கண்ணை விட விரல்தான் தோது. அன்றைக்கே ஒட்டுப் போட்டுவிட வேண்டும்.

இப்போது தண்ணிக்கு வருகிறேன். ஒவ்வொன்றும் 150 லிட்டர் பிடிக்கிற இரண்டு டேங்க், கேன்களில் 80 லிட்டர். கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின் அவனிடம் இல்லை, விலை கட்டாது. ஒன்பதாம் நாள் விடிகாலை நாலு மணி இருக்கும், என் முறை. தறிச் சத்தத்தில் தூங்குகிறவனுக்கு ஒரு தறியின் சத்தம் மாறினால் விழிப்பு வந்துவிடும், அதே மாதிரி கால் அடியில் ஏதோ சத்தம் மாறியது. பலகையைத் தூக்கினால் அடியில் தண்ணி சளப் சளப் என்று அலைகிறது. கடல் உள்ளே வந்துவிட்டது என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அவனை எழுப்பினேன். அவன் பம்பைத் தேடவில்லை, விரலை நனைத்து வாயில் வைத்தான். "மாமா, நீங்களும் நக்கிப் பாருங்க." டீசல் வாடை, ஆனால் உப்பே இல்லை, சப்பென்று இருந்தது. படகு மூழ்கவில்லை என்று மூச்சு விட்டேன், விட்டு முடிப்பதற்குள் இது எங்கள் குடிதண்ணி என்று உறைத்தது. டேங்குக்கு அடியில் குழாயைப் பிடித்திருந்த கிளிப் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. நூறு லிட்டருக்கு மேல் போய்விட்டது. டீசல் கலந்ததை வைத்து என்ன செய்ய, பம்ப் அடித்து வெளியே தள்ளினோம். கடலுக்குத் தண்ணி இறைத்த முதல் வெள்ளகோவில்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை. மார்க்கர் பேனாவை எடுத்துக் கேன்களில் நாள்வாரியாகக் கோடு போட்டாள். ஆளுக்கு நாளைக்கு மூன்று லிட்டர், சமையலும் அதற்குள்தான். குளியல் கடல் தண்ணியில், பாத்திரமும் அப்படியே, கடைசியில் நல்ல தண்ணி ஒரு பீச்சு. ஒரு சொம்பில் முகம் கழுவி அதே தண்ணியைக் கறிவேப்பிலைச் செடிக்கு விடுகிற ஆத்தாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பதினாறாம் நாள் மழை வந்தது. முதல் பத்து நிமிஷம் பாயிலிருந்த உப்பைக் கழுவ விட்டுவிட்டு அப்புறம் வாளியைத் தொங்கவிட்டோம், இரண்டு குடம் தேறியது. மூன்று பேரும் தலைக்குக் குளித்தோம்.

புயலா? ஒன்றரை ராத்திரி பெருங்காற்று அடித்தது. பாயைச் சுருக்கிவிட்டுப் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம், சொல்ல அதிகம் இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். அந்த அதிகாரிகளை அடுத்த தடவை உங்கள் நிருபர் பார்த்தால், இரண்டே பேர் எப்படி முறை பிரித்துத் தூங்கினார்கள், தண்ணிக் கணக்கை யார் பார்த்தார்கள், எந்தக் காய் எத்தனை நாள் தாங்கியது என்று கேட்டு எழுதச் சொல்லுங்க. அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வெள்ளகோவில் வாசகர்

பி.கு: சுமார் 25,400 கடல் மைல் என்பதைச் சாதா மைலாக எடுத்துக்கொண்டு 40,800 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். கடல் மைல் ஒன்றுக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 47,000 வரும். நீங்கள் விட்ட ஆறாயிரம் கிலோமீட்டர் அந்த இரண்டு பேருக்கும் ஒரு மாசத்துப் பாடுங்க.