நன்றி மடல்: சித்தியவானில் கடற்படைத் தளபதி தனபாலசிங்கம் கண்காட்சி

அன்புடையீர், வணக்கம்.

நம் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம். அவருடைய கடற்படை வாழ்வைச் சொல்லும் கண்காட்சி நல்லபடியாக நடந்தேறியது. கைகொடுத்தவர்களுக்கு ஏற்பாட்டுக் குழுவின் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி தையல்கடை அக்காவுக்கு. சப்-லெப்டினன்ட் தொடங்கி ரியர் அட்மிரல் வரை 7 பதவிகளுக்கான கைப்பட்டைகளை, அதாவது சட்டைக் கையோரத்தில் பதவியைக் காட்டும் பொன்சரிகைப் பட்டைகளை, கருநீலத் துணியில் தைத்துக் கொடுத்தார். லெப்டினன்டுக்கு 2 பட்டை, கமாண்டருக்கு 3, கேப்டனுக்கு 4. கொமடோர் ஆனதும் அகலமான ஒரே பட்டை. எண்ணிக்கை குறைவதைப் பார்த்துப் பதவி இறங்கிவிட்டதென்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடும். அதற்காகவே ஏழையும் வரிசையாகத் தொங்கவிட்டோம். ரியர் அட்மிரலுக்கு அகலப் பட்டைக்கு மேலே சன்னமான ஒன்று சேரும்; சரிகையைச் சுழித்துப் போடும் வளையம் அந்த மேல்பட்டையில்தான் வர வேண்டும். பொன்சரிகை விறைப்பானது. அப்படியே வளைத்தால் உள்ளோரம் மடிந்துகொள்ளும். அக்கா ஓரத்து இழை ஒன்றை மெல்ல இழுத்து, வளைவுக்கு ஏற்பச் சுருக்கிய பிறகே ஊசி போட்டார். என்ன நேர்த்தி!

தோட்டத்துத் தச்சர் ஐயா 1:100 அளவில் கே.டி. (கப்பால் டிராஜா, அரச கப்பல்) ஹங் துவா போர்க்கப்பலின் மாதிரியைச் செய்தார். நீளம் 94 செ.மீ., அகலம் 12 செ.மீ. உள்ளும் புறமும் வார்னிஷ் பூசினார். வெளியே மட்டும் பூசினால் ஈரம் ஒருபக்கமாக ஏறிப் பலகை முறுக்கிக்கொள்ளும்.

படங்களைச் சரிபார்த்த ஓய்வுபெற்ற கடற்படை அண்ணன்மாருக்குத் தனி நன்றி. ஹங் துவா என்ற பெயரில் இரண்டு போர்க்கப்பல்கள் உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் லாக் இன்ஷ் 1964இல் நம்மிடம் வந்து அப்பெயர் பெற்றது. 1977இல் வந்த மெர்மெய்டுக்கும் அதே பெயர். தளபதி பொறுப்பிலிருந்தது 1967 டிசம்பர் முதல் 1976 முடிய. ஆகவே பக்கவாட்டில் 76 என்று எண் போட்ட அந்த இரண்டாவது கப்பல் அவர் காலத்தது அல்ல. இணையத்தில் அந்தப் படமே முதலில் கிடைக்கும் என்பதால், அண்ணன்மார் ஒவ்வொரு படத்திலும் எண்ணைப் பார்த்தே அனுமதித்தார்கள்.

பெரிய சுவர்வரைபடம் தந்த தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியருக்கும் நன்றி. 31 வயதில் தனபாலசிங்கம் பொறுப்பேற்றபோது நம் கடற்படையின் முதன்மைத் தளம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. 1965க்குப் பின் அதுவோ அயல்நாடு. சொந்த மண்ணில் முதன்மைத் தளமில்லாத கடற்படையை அத்தனை இளம் வயதில் நடத்தியதே அவருடைய பெரும் சாதனை என்பது எங்கள் எண்ணம். அந்தத் தளம் பின்னாளில் நம் பக்கத்து லுமுட்டுக்கே வந்ததை வரைபடத்தில் விரல்வைத்துக் காட்ட முடிந்தது.

மண்டபம் தந்த கோவில் நிர்வாகத்துக்கும், லோரி கொடுத்தவருக்கும், பசியாறல் அனுப்பிய கடைக்காரர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

காட்சிப் பொருள்கள் பள்ளி நூலகத்தில் இருக்கின்றன. மற்றப் பள்ளிகள் இரவல் கேட்கலாம். கப்பலைத் தூக்கும்போது அடிப்பலகையைப் பிடியுங்கள். மேல்தளத்துக் கம்பம் எளிதில் ஒடியும்.

இப்படிக்கு,
கண்காட்சி ஏற்பாட்டுக் குழு, சித்தியவான்